வியாழன் வகே என்றொரு கேசட்

துலுங்ஆகுங்,
11 மார்ச் 1999

அன்புத் தம்பி பமூஜிக்கு அக்கா வார்த்தினி எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இதையும் தைவானில் அந்தக் காவ்சியுங் துறைமுகத்துக் கப்பல் அலுவலக விலாசத்துக்கே அனுப்புகிறேன். படகு கரைக்கு வரும்போது கையில் கொடுப்பார்கள் என்று நீதான் எழுதியிருந்தாய். நோன்புப் பெருநாளுக்கு உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. 'நடுக்கடல்ல தபால்காரன் சைக்கிள்ல போவானா?' என்கிறார் உன் மச்சான். சரிதான், போகமாட்டான்.

மழை இன்னும் விடவில்லை. என் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் முழங்கால் அளவு சேறு. தேர்தல் வருகிறது, நாற்பத்தெட்டுக் கட்சிகளாம். எந்தக் கொடி எந்தக் கட்சி என்று கேட்டால் கொடி கட்டுகிறவனுக்கே தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் உன் மச்சான் தல்திரி வழக்கம்போல பளிங்குப் பட்டறையில் கல் இழைத்துக்கொண்டிருந்தார். மாலாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் வந்து இறங்கியிருக்கிறாள். கறுப்புச் சட்டை, தோளில் கல்லூரிப் பை. கல்லறைக்கு ஒரு கல் வேண்டும் என்றாளாம். எந்த மயானம், நீளம் அகலம் என்ன என்று இவர் கேட்டிருக்கிறார். 'மயானம்லாம் இல்லைங்க ஐயா. பேரு செதுக்கின கல்லு மட்டும் போதும். ஜூன் மூணாந்தேதிக்குள்ள வேணும்' என்று சொல்லி ஒரு தாளை நீட்டினாளாம். அதில் எழுதியிருந்தது இதுதான்: பமூஜி, 1969 – 1996.

நம் வீட்டில் பேச்சைச் செலவழிக்கிறவள் நான், சேர்த்துவைக்கிறவர் அவர். உனக்குத்தான் தெரியுமே. தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு 'கல்லு தீந்து போச்சும்மா' என்று சொல்லிவிட்டாராம். சொல்லும்போது அவர் நின்றது மலைபோல் குவிந்து கிடந்த பளிங்கின் மேல். அந்தப் பெண் கல்லையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து தாளை என் முன்னால் வைத்தார். முதலில் சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, பேருந்து நிலையத்துக் கேசட் கடைக்காரரிடம் போய் நின்றேன். அவர்தான் முழுக்கதையும் சொன்னார்.

நீ இருந்த குழு, அந்தச் 'செபூர் லோர்', புதுக் கேசட் போட்டிருக்கிறது. நீ போனதற்கப்புறம் இதுதான் முதல். பஸ்கோரோ அதே கட்டைக் குரலில்தான் கத்துகிறான். அட்டை முழுக்கக் கறுப்பு. நடுவில் வெள்ளை எழுத்தில் 'வியாழன் வகே'. அவ்வளவுதான். பதினொரு பாட்டு இருக்கிறது, ஒன்றிலும் வியாழனும் இல்லை, வகேயும் இல்லை. கடலிலேயே இருந்து நீ நம் நாள் கணக்கை மறந்திருப்பாய். ஏழு கிழமையோடு லெகி, பாகிங், பொன், வகே, கிலிவோன் என்று ஐந்து சந்தை நாளும் சேர்ந்து சுற்றும். முப்பத்தைந்து நாளைக்கு ஒரு முறை வியாழனும் வகேயும் ஒன்றாக வரும். அப்படி வருகிற சாதாரண நாள் அது. அதை எதற்குக் கேசட்டுக்குப் பெயராக வைத்தான் என்றுதான் ஜாவா முழுக்க உன் ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பஸ்கோரோவோ வாயே திறக்கவில்லையாம்.

ஆளாளுக்கு ஒரு கதை. போன வருஷம் மே மாதம் ஜகார்த்தா பற்றி எரிந்ததே, அந்த நாள் வியாழன் வகேதான், அதைத்தான் சொல்கிறான் என்கிறது ஒரு கூட்டம். அது அவன் காதலி பிறந்த நாள், அவள் இன்னொருவனைக் கட்டிக்கொண்டாள் என்கிறது இன்னொரு கூட்டம். நாள் பார்க்கிற கணக்கில் வியாழனுக்கு எண் எட்டு, வகேக்கு நாலு, கூட்டினால் பன்னிரண்டு, ஆனால் கேசட்டில் பதினொரு பாட்டுத்தானே, பன்னிரண்டாவது எங்கே என்று கெடிரியில் சிலர் கேட்கிறார்களாம். கேசட்டின் கடைசியில் பாட்டு முடிந்தபின் வெறும் இரைச்சல் ஓடுகிறதே, அதற்குள் இருக்கிறது என்று காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்கிறார்களாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பது இதுதான்.

இதிலெல்லாம் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டுப் பத்திரிகையில் நிங்ரும் என்று ஒரு பெண் கடிதம் எழுதியிருக்கிறாள், கடைக்காரர் எடுத்துக் காட்டினார். கல் கேட்டு வந்தவள் அவளாகத்தான் இருக்கும். ஒருவர் இறந்தால் ஆயிரமாவது நாள் ஓதி, அன்றைக்குத்தானே கல் நடுவோம்? அந்த நாள், இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் ஆறாவது கிழமையிலும் ஐந்தாவது சந்தை நாளிலும் வந்து விழும், இது நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் அதைப் பின்னோக்கி எண்ணியிருக்கிறாள். வியாழன் வகே ஆயிரமாவது நாள் என்றால், இறந்த நாள் சனி கிலிவோன். 1996 செப்டம்பர் ஏழாம் தேதி சனி கிலிவோன். நம் ஊர்ச் சதுக்கத்தில் நீ கடைசியாக டிரம் அடித்த நாள். அங்கிருந்து நாட்காட்டியில் ஒவ்வொன்றாக எண்ணினால் ஆயிரமாவது நாள் வருகிற ஜூன் மூன்று, வியாழன் வகே. போதாததற்கு அட்டையின் உள்பக்கப் படத்தில் டிரம்முக்குப் பின்னால் முக்காலி காலியாக இருக்கிறது.

ஆக, மேடையை விட்டு இறங்கிய அன்றே நீ செத்துவிட்டாய், பஸ்கோரோ அழுதுகொண்டே கேசட் போட்டிருக்கிறான். எப்படி இருக்கிறது கதை? மறுநாள் விடியலில் உன்னைச் சுரபாயா பஸ்ஸில் ஏற்றிவிட்டவள் நான். ஆறு அவித்த முட்டை கட்டிக் கொடுத்தேன். பஸ் கிளம்புவதற்குள் இரண்டைத் தின்றுவிட்டாய். செத்தவன் முட்டை தின்பானா? 'யார்கிட்டயும் சொல்லாதே அக்கா, டிரம்மர் மீன் பிடிக்கப் போயிட்டான்னு சிரிப்பாங்க' என்று நீ கேட்டுக்கொண்டதால்தான் நான் வாயைக் கட்டிக்கொண்டேன். அது இப்படி வந்து முடிந்திருக்கிறது.

நீ எனக்கு ஒன்று செய். உன் கையெழுத்தில் நாலு வரி எழுதி அனுப்பு. அதை அந்தப் பத்திரிகைக்கே அனுப்பி எல்லோர் மூக்கையும் உடைக்கிறேன். குளிரில் நெஞ்சை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
வார்த்தினி


துலுங்ஆகுங்,
22 ஏப்ரல் 1999

அன்புத் தம்பி பமூஜிக்கு,

அக்காவின் துஆ எப்போதும் உனக்கு உண்டு. போன கடிதம் கிடைத்ததா? படகு கரைக்கு வந்திருக்காது. வந்திருந்தால் எழுதியிருப்பாய்.

அந்த நிங்ரும் வீட்டுக்கே வந்துவிட்டாள். கல் கேட்ட இடத்தில் இருந்தவர் உன் மச்சான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று அழுதாள். 'மன்னிச்சிருங்க அக்கா, அவரு முஜி அண்ணனோட மச்சான்னு சத்தியமா தெரியாது' என்றாள். திட்டுவதற்கென்று நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தையெல்லாம் வீணாகப் போயிற்று. மருந்துப் படிப்பு படிக்கிறாளாம். உன் டிரம் அடியை வாயாலேயே அடித்துக் காட்டுகிறாள், அப்படி ஒரு பைத்தியம்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்காக ஊரே கல் தேடும்போது இரகசியம் எதற்கு? கடலில் இருக்கிறான், சூரை மீன் பிடிக்கிறான் என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. 'கடைசியா எப்ப அக்கா லெட்டர் போட்டாரு?' என்று கேட்டாள்.

போன மாதம் என்று சொன்னேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. போன ஜூன் மாதம் என்று சொல்லியிருக்கலாம், அதில் என்ன தப்பு? அவள் போனபின் உன் கடைசிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். எத்தனையோ முறை படித்ததுதான். 'கை இப்போது பரவாயில்லை, கவலைப்படாதே' என்று எழுதியிருக்கிறாய். கைக்கு என்ன ஆனதென்று அதற்கு முன் நீ எழுதவே இல்லையே, முஜி. அந்தக் கடிதம் வந்த அன்று அதை நான் கவனிக்கக்கூட இல்லை. நல்லபடி இருக்கிறான் என்று மடித்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் உன்னை அனுப்பிய சுரபாயா ஆபீசுக்கு டெலிபோன் செய்தேன். ஒரு பெண் எடுத்து, உன் படகு ஆப்பிரிக்காப் பக்கம் இருக்கிறது, எல்லோரும் சுகம் என்றாள். நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, எந்த ஊர்த் துறைமுகம் என்று கேட்க மறுபடி செய்தேன். இந்த முறை ஓர் ஆண் எடுத்தான். அந்தப் படகு பிஜித் தீவுப் பக்கம், ஆனால் பமூஜி என்ற பெயரில் அதில் யாரும் இல்லை என்றான். அப்புறம் அவனே, இருக்கலாம், பைலைப் பார்க்கவேண்டும் என்றான். மூன்றாம் முறை செய்தபோது, செய்தி இல்லை என்றால் நல்ல செய்தி என்றுதான் அர்த்தம் அம்மா என்று உபதேசம் செய்து வைத்துவிட்டான். ஆப்பிரிக்கா எங்கே, பிஜி எங்கே? பள்ளிக்கூடத்து உலகப்படத்தில் போய்ப் பார்த்தேன். ஒன்று இந்த ஓரம், இன்னொன்று அந்த ஓரம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அடுத்த வாரம் நிங்ரும் மறுபடி வந்தாள். அதற்குள் நான் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். 'ஏன்டி, படிச்ச பொண்ணுதானே நீ? கச்சேரி எத்தனை மணிக்கு நடந்துச்சு?' என்று கேட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு என்றாள். 'பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்லியாச்சுன்னா நமக்கு அடுத்த நாள் பொறந்துடுச்சு. அப்ப அது சனி கிலிவோனே இல்ல, ஞாயிறு லெகி. சுவத்துக் காலண்டரப் பார்த்து எண்ணியிருக்கே. உன் கணக்கு தப்பு, உன் கதையும் தப்பு!' என்று ஒரு போடு போட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன்னையே கரையில் இழுத்துப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

அவள் விரல்விட்டு எண்ணினாள். முகம் வெளுத்துப் போயிற்று. 'அப்ப ஆயிரமாவது நாள் வெள்ளி கிலிவோன்ல விழுது அக்கா' என்றாள்.

வெள்ளி கிலிவோன்! பேய் பிசாசு எல்லாம் உலாவும் என்று நாம் சின்னப் பிள்ளையில் போர்வைக்குள் ஒளிந்துகொள்வோமே, அந்த நாள். என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இப்போது ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். வியாழக் கட்சி ஒன்று, வெள்ளிக் கட்சி ஒன்று. பத்திரிகையில் மாற்றி மாற்றி எழுதிக்கொள்கிறார்கள். பஸ்கோரோ வேண்டுமென்றே ஒரு நாள் முந்தி வைத்திருக்கிறான், அதில்தான் சூட்சுமமே என்று மூன்றாவதாக ஒரு கூட்டமும் கிளம்பியிருக்கிறதாம். நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொல்ல மட்டும் ஒரு கட்சியும் இல்லை. நாற்பத்தெட்டுக் கட்சி இருக்கிற நாட்டில் அதற்கு நான் ஒருத்திதான்.

அந்த ஒருத்தியும் உறுதியாக இல்லை, முஜி. அதுதான் பயமாக இருக்கிறது. கேசட்டுக்கு யாரோ வைத்த பெயருக்கும் என் தம்பி உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று பகலில் கேட்டுக்கொள்கிறேன், தெளிவாகத்தான் இருக்கிறது. காய் நறுக்கும்போது கை தானாக ஜூன் மூன்றுக்கு எத்தனை நாள் என்று எண்ணுகிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். டிரம்மைத் தட்டிக்கொண்டு திரிந்தால் கிழவனானாலும் தட்டிக்கொண்டுதான் இருப்பாய் என்று அந்த வருஷம் முழுக்க உன்னை அரித்தெடுத்தவள் நான். படகு வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்ததும் நான், நிரப்பியதும் நான். நீ கையெழுத்து மட்டும்தான் போட்டாய். அதைப் போடும்போது நீ என்னைப் பார்க்கவில்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஜூன் மூன்றுக்கு இங்கே நம் வீட்டு முற்றத்தில் ஓத வேண்டும் என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு இறந்தவர் துஆ ஓதினால் அது சாபம். இறந்தவனுக்கு ஓதாமல் விட்டால் அது துரோகம். இரண்டில் எது நான் செய்யப்போவது என்று நீதான் சொல்லவேண்டும். அதற்குள் எழுது.

உன் அக்கா,
வார்த்தினி


துலுங்ஆகுங்,
5 ஜூன் 1999

அன்புத் தம்பி பமூஜிக்கு,

உன் மேல் அமைதி நிலவட்டும். நீ எழுதவில்லை. எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

புதன்கிழமை மத்தியானம் பஸ்கோரோ வந்தான். தலைமுடியை வெட்டிவிட்டான், வங்கிக் குமாஸ்தா மாதிரி இருக்கிறான். பெசெல் சோறு போட்டேன். இரண்டாவது தட்டு கேட்கும்வரை பொறுத்திருந்துவிட்டு நேராகக் கேட்டேன், வியாழன் வகே என்றால் என்ன என்று.

'ஒண்ணுமே இல்ல அக்கா' என்றான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'பேரு என்ன வைக்கிறதுன்னு நாலு பேரும் நாலு சொன்னாங்க. ஒத்துப் போகல. கம்பெனித் தாள்ல தலைப்புக்கான எடத்தக் காலியா விட்டுட்டேன். டேப்ப எந்த நாள்ல அனுப்பினா நல்லதுன்னு எங்கம்மா நாள் பாத்து, அதே தாள்ல மேல எழுதி வச்சிருந்தாங்க. வியாழன் வகேன்னு. ஜகார்த்தாவுல தட்டச்சு அடிக்கிற அம்மா சுமத்ராக்காரங்க. அவங்களுக்கு வகேயத் தெரியுமா, கிலிவோனத் தெரியுமா? அதான் தலைப்புன்னு அடிச்சிட்டாங்க. அட்டை அச்சாகி வந்தப்பதான் நானே பாத்தேன்.'

காலி முக்காலி எதற்கு என்று கேட்டேன். படம் எடுத்த அன்று புது டிரம்மருக்கு வயிற்றுப்போக்காம்.

சிரிப்பதா, தட்டைப் பிடுங்குவதா என்று தெரியவில்லை. 'பின்ன ஏன்டா இத்தன மாசமா வாயத் தொறக்கல? இங்க ஒருத்தி செத்துச் செத்துப் பொழைக்கிறா' என்று கத்திவிட்டேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். 'சொல்லலாம்னுதான் இருந்தேன் அக்கா. அந்தப் பொண்ணு கடிதம் வந்தப்ப நானும் ஒரு தடவ எண்ணிப் பாத்தேன். ஆயிரம் சரியா வந்துச்சு. எங்கம்மா எழுதினது, யாரோ தப்பா அடிச்சது, அது எப்படிச் சரியா வரும்? அப்புறம் எனக்கே பயம் புடிச்சிடுச்சு' என்றான். பிறகு மெதுவாக, 'முஜி எங்க இருக்கான் அக்கா?' என்று கேட்டான். அவனுக்கும் நீ எழுதவில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை பிற்பகல் முதலே கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. மாலாங், கெடிரி, பிளித்தார், சோலோவிலிருந்துகூட வந்தார்கள். எல்லோரும் கறுப்புச் சட்டை. தேர்தல் நேரமல்லவா, போலீஸ்காரர் ஒருவர் வந்து 'கறுப்புச் சட்டை எந்தக் கட்சி?' என்று உன் மச்சானிடம் விசாரித்தார். 'எனக்கே தெரியல சார்' என்றார் இவர். அது சத்தியமான பதில். எப்போது ஓதுவது என்று அடுத்த சண்டை. வியாழக் கட்சி சூரியன் இறங்குமுன் ஆரம்பிக்க வேண்டும் என்றது, வெள்ளிக் கட்சி இறங்கிய பின்தான் என்றது. மஃரிபுக்கு முன் தொடங்கி, நடுவில் தொழுதுவிட்டு வந்து முடிப்பது என்று பள்ளிவாசல் மோதினார் இம்ரோன் தீர்ப்புச் சொன்னார். இரண்டு கட்சியும் ஜெயித்தது.

ஓதுவதற்கு முன் பஸ்கோரோ எழுந்து நின்று, என்னிடம் சொன்னதை எல்லோரிடமும் சொன்னான். தாள், அவன் அம்மா, சுமத்ராக்காரி, வயிற்றுப்போக்கு எல்லாம். பின்னாலிருந்து ஒருவன், 'புரியுது தலைவா! வலியச் சொல்ல வேணாம், விடுங்க!' என்று அழுதுகொண்டே கத்தினான். எல்லோரும் அழுதார்கள். ஒருத்தர்கூட நம்பவில்லை, முஜி. உண்மை அவ்வளவு சின்னதாக இருக்க அவர்கள் விடவில்லை. நிங்ரும் மட்டும் சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். 'அப்ப நான் எண்ணினது?' என்றாள்.

கல் ஒன்றையும் கொண்டுவந்துவிட்டார்கள். உன் மச்சான் மறுத்ததால் வேறு பட்டறையில் செய்தது. உன் பெயர், இரண்டு வருஷமும் போட்டு. இவர் அதைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போய், எந்திரத்தை ஓட்டி, 1996 என்ற எழுத்தை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டார். பிறந்த வருஷத்தை விட்டுவிட்டார். 'அது உண்மைதானே' என்றார்.

பிறகு மோதினார் என்னைக் கதவருகே கூப்பிட்டார். 'வார்த்தினி, எந்த துஆ ஓதட்டும்? இருக்கிறவங்களுக்கு வேற, போனவங்களுக்கு வேற. ரெண்டையும் கலக்க முடியாது' என்றார். இத்தனை மாதமும் நான் ஓடி ஒளிந்த கேள்வி, அவர் அதை அரிசி எத்தனை படி என்பதுபோலக் கேட்டார். இருக்கிறவங்களுக்கு என்றேன். குரல் நன்றாகவே வந்தது. ரசிகர்கள் கூடை கூடையாக ஆப்பம் கொண்டுவந்திருந்தார்கள், போனவர்களுக்குப் படைக்கிற ஆப்பம். ஒன்றையும் பாயில் வைக்க விடவில்லை. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போடச் சொன்னேன். ஆயுள் நீளப் படைக்கிற கூழ்தான் காய்ச்சியிருந்தேன், வெல்லம் போட்ட சிவப்பும் தேங்காய்ப்பால் வெள்ளையும். இருநூறு பேர் உன் பெயரைச் சொல்லி அதைச் சாப்பிட்டார்கள். நீ பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்று ஆமீன் சொன்னார்கள். அழ வந்தவர்கள், என்ன செய்வது என்று தெரியாமல் ஆமீன் சொன்னார்கள்.

எல்லோரும் போனபின் பஸ்கோரோ என் கையைப் பிடித்துக்கொண்டு, 'தப்பா அடிச்ச ஒரு பேருக்காக இவ்வளவா அக்கா' என்றான். எனக்கும் நிம்மதி வந்திருக்கவேண்டும். பெயரில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிட்டதே! ஆனால் நேற்று முழுக்க அதையே யோசித்தேன். அந்தப் பெயர் பொய் என்று ஆனதால் நீ இருக்கிறாய் என்று ஆகிவிடுமா? கேசட் வராமலே இருந்திருந்தாலும் உன் கடிதம் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். அவர்கள் இல்லாத இடத்தில் உன்னைத் தேடினார்கள். நான் தேடவே இல்லை. செய்தி இல்லை என்றால் நல்ல செய்தி என்று யாரோ சொல்வதற்கு முன்பே அதை நம்பி உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

திங்கட்கிழமை தேர்தல். செவ்வாய்க்கிழமை உன் மச்சானும் நானும் சுரபாயா போகிறோம். அந்த ஆபீசில் பைலைக் கண்ணால் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு. நிங்ரும் கூட வருகிறேன் என்கிறாள். பஸ்கோரோ வேன் தருகிறான்.

இதுவரை எழுதியதை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். இனிமேல் எழுதுவது அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலையில், யாரும் வருவதற்கு முன், ஒரு கரண்டி மாவு கரைத்து ஒரே ஒரு ஆப்பம் சுட்டேன். ரசிகர்கள் கொண்டுவருவதிலேயே ஒன்றை எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் ஒருவேளை உனக்குத்தான் என்றால் அது என் கையால் சுட்டதாக இருக்கட்டும் என்று தோன்றியது. வாழையிலையில் வைத்து, அடுப்புக்குப் பின்னால் மறைத்து, இறந்தவர்களுக்கான துஆவைத் தொடங்கினேன். பாதிவரை ஓதினேன். உன் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. சொல்ல முடியவில்லை. அந்தப் பாதி துஆவை நான் முடிக்கவும் இல்லை, திரும்ப எடுக்கவும் இல்லை.

நீ இருந்தால், உயிரோடு இருக்கிற தம்பிக்கு ஆப்பம் சுட்ட பாவி நான். அதை மன்னிக்காதே, முஜி. என்னைத் திட்டு. உன் வாயில் எத்தனை கெட்ட வார்த்தை இருக்கிறதோ அத்தனையும் எழுது. விண்ணப்பத்தை நிரப்பியதற்கும் சேர்த்துத் திட்டு. கை முடியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கிறவரை எழுதச் சொல். யார் கையெழுத்தானாலும் திட்டு உன்னுடையது என்று எனக்குத் தெரியும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். தந்திருக்கட்டும்.

உன் திட்டுக்குக் காத்திருக்கும் அக்கா,
வார்த்தினி